கட்டி இழுத்து வந்த பட்டாள லாரி

என் அண்ணனுக்குக் குவாரியில் வைத்த பெயர் ‘நிதானம்’. முப்பத்தோரு வருஷம் அடுத்தவன் லாரியை ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சு மேல்கூட ஏற்றியதில்லை. அதற்காக யாரும் அவருக்கு மாலை போடவில்லை. வயதாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

கையில் கிடைத்த மொத்தப் பணத்தையும் போட்டு, பட்டாளத்து ஏலத்தில் ஒரு பழைய லாரியை எடுத்தார். சாகும்வரை சொந்த வண்டி ஓட்டிப் பிழைக்க வேண்டும், இனி யாரிடமும் போய்க் கைகட்டி நிற்கக்கூடாது. அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

வண்டியை எடுக்கப் போனபோது என்னையும் கூப்பிட்டார். பழுதான வண்டிகளைத் தூக்கி இழுத்துப் போவது என் தொழில். என்னுடைய இழுவை வண்டியிலேயே போனோம். ஏல மைதானத்து மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் லாரி பிடித்துக்கொண்டது. பிரேக்கை அழுத்திப் பார்த்தார் அண்ணன், நின்றது. அறுபது கிலோமீட்டர்தான் வீடு.

“மெதுவா ஓட்டிட்டே வந்துடறேன்டா” என்றார். முகமெல்லாம் பல்.

“மூணு வருஷமா நின்ன வண்டிண்ணே. வழியில படுத்துடுச்சுன்னா? நான் எதுக்கு வந்திருக்கேன்? கட்டி இழுத்துட்டுப் போயிடலாம்.”

அக்கறையில் சொன்னதாகத்தான் அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பச்சைப் பொய். அவர் அந்த உயரத்தில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. என் வண்டிக்குப் பின்னால்தான் அவர் வண்டி வரவேண்டும்.

லாரியின் கதவை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு, “சரி, உன் இஷ்டம்” என்றார். எப்போதும் அப்படித்தான், விட்டுக்கொடுத்தே கெட்ட மனுஷன்.

முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டினேன். பின்சக்கரங்கள் தரையில் உருளும். அண்ணன் ஸ்பானரோடு அடியில் குனிந்தார்.

“பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டைக் கழட்டிடுவோம். சக்கரம் சுத்தினா கியர்பாக்ஸும் சுத்தும். இன்ஜின் ஓடாம உள்ள ஆயில் ஏறாது, தீய்ஞ்சு போயிடும்டா.”

எனக்குத் தெரியாதா? இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொள்வதே அதுதான். ஆனால் எட்டு போல்ட்டும் துருப்பிடித்திருந்தன. எனக்கு வேறு ஒரு கிராக்கி காத்திருந்தது.

“நியூட்ரல்ல போட்டாச்சு, போதும். எனக்கு நீங்க பாடம் எடுக்காதீங்க. ஏறுங்க.”

ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டு என் வண்டியில் பக்கத்து சீட்டில் ஏறினார்.

பாதி வழியில் கருகின வாடை வந்தது. என் வண்டி கிளட்ச் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வர மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது பின்சக்கரங்கள் இறுகி, ரோட்டில் தேய்ந்துகொண்டே வந்தன.

மறுநாள் அவரே கியர்பாக்ஸைப் பிரித்தார். பேரிங் எல்லாம் தீய்ந்து நீலமாகிக் கிடந்தன. அந்த மாடலுக்கு எங்கேயும் சாமான் கிடைக்கவில்லை. எட்டு மாதம் அலைந்து பார்த்தார். கடைசியில் பழைய இரும்புக்காரன் துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுபோனான்.

இப்போது ஒரு குடோன் வாசலில் காவல் இருக்கிறார். அவரைவிட முப்பது வயது குறைந்தவன் வந்தாலும் எழுந்து சல்யூட் அடிக்கிறார்.

ஒரு தடவை என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கேட்கவில்லை. அண்ணியிடம், “வாங்கும்போதே கியர்பாக்ஸ் போயிருந்திருக்கு” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வசவெல்லாம் அவருக்குத்தான். ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிக்கொண்டு வந்த ஏமாளி என்று தெருவே சிரிக்கிறது.

போன வாரம் அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி பரிமாறிக்கொண்டே ஆரம்பித்தார்.

“இருந்த காசையெல்லாம் கொண்டுபோய் அந்தத் தகரத்துல போட்டாரே! நீங்க கூடத்தானே போனீங்க தம்பி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

அண்ணன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது.

“சொன்னேன் அண்ணி. அண்ணன் எங்க கேட்டாரு?” என்றேன்.