மரண அறிவித்தலில் ஒரு மாலி நாட்டு மருமகள்

போன வாரம் பாரிஸின் லா சப்பலில், அச்சகம் நடத்தும் நண்பரிடம் விசிட்டிங் கார்டுக்காகக் காத்திருந்தேன். அப்போது ஒரு தாயும் மகளும் மரண அறிவித்தல் கொடுக்க வந்தார்கள். பாரிஸின் புறநகரான ஸ்தேனில் வசிக்கும் மன்னார்க் கத்தோலிக்கர்கள். முதல்நாள்தான் அந்தத் தாயின் கணவர் காலமாகியிருந்தார்.

நம்மவர்களின் மரண அறிவித்தல் தெரியும்தானே? இறந்தவரைப் பற்றி ஒரு வரி... மிச்சமெல்லாம் உறவுகள். இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் மாமனாரும் என்று நீளும். பேருக்குப் பக்கத்தில் ஊர் வேறு.

நண்பர் டைப் செய்துகொண்டே, "மருமகள் பேர்?" என்றார்.

மகள் ஜெசிந்தா குரலைத் தணித்தார். "அமினாத்தா. மாலி நாட்டுப் பிள்ளை. நீங்கள் அமலா எண்டு போடுங்கோ அண்ணை. ஊரிலை ஆக்கள் பாப்பினம்... ஒவ்வொருத்தருக்கும் விளக்கம் சொல்ல ஏலாது."

"ஊர்?"

"ஊர் வேண்டாம்."

தாய் திரேசம்மா கதவு வழியே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பரின் விரல்கள் கீபோர்டில் தயங்கின. எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரு பேரை மாற்றி அடித்தால் போதும், அப்படி ஒரு பெண் அந்தக் குடும்பத்தில் இல்லை என்றே ஆகிவிடும்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த சைவக்காரன் நான். யேசுவின் வம்சப் பட்டியலை வாசிக்கும்போதெல்லாம் கொட்டாவி விட்டவன். அப்பன்மார் பேராகவே போகும் – நடுவே திடீரென்று ராகாப்! எரிகோ நகரத்துக்காரி, அதுவும் விலைமகள். அடுத்ததாக ரூத், மோவாபு நாட்டுக்காரி. மோவாபியரைச் சபைக்குள்ளேயே விடக்கூடாது என்று சட்டம் வைத்திருந்த ஜனம் அது. அவர்களின் தாவீது ராஜாவுக்குப் பாட்டனைப் பெற்றுக் கொடுத்தவள் இந்த ரூத்!

எழுதியவரின் கையில்தானே பேனா இருந்தது? பெண்களை விட்டுவிட்டு எழுதுவதுதான் அன்றைய வழக்கம். விட்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? உள்ளூர்ப் பேர் ஒன்றை வைத்து ஒப்பேற்றியிருக்கலாம். செய்யவில்லை. ரூத்தின் கதையிலோ அவள் ஊரை மறக்கவே விடமாட்டார்கள் – மோவாபியப் பெண், மோவாபியப் பெண் என்று திரும்பத் திரும்ப வரும். தங்கள் ராஜாவின் உடம்பில் அந்நிய ரத்தம் ஓடியதைத் தாங்களே எழுதிவைத்த ஜனம்! அன்று அந்த அச்சகத்தில் நின்றபோதுதான் அதன் பிரமாண்டம் எனக்கு உறைத்தது. 

அந்நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு உயரமான பெண் ஒருவர் வந்தார்.

"மாமி, கெதியா வாங்கோ! பொலிஸ்!"

அமினாத்தாவேதான். மாமியாரையும் மச்சாளையும் இறக்கிவிட்டு, காரை வீதியிலேயே நிறுத்தியிருக்கிறார். குழந்தை தாயிடமிருந்து திரேசம்மாவிடம் தாவியது. அவர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நண்பரைப் பார்த்தார்.

"தம்பி, அவளின்ரை பேரை அப்பிடியே போடுங்கோ. ஊரையும் போடுங்கோ... பமாகோ."

"அம்மா!" என்றார் ஜெசிந்தா.

"அந்த மனுசன் கடைசி வரைக்கும் அமினாத்தா எண்டுதான் கூப்பிட்டவர். அமலா எண்டு ஒருத்தியை அவருக்குத் தெரியாது."

 அறிவித்தல் அப்படியே வெளியானது.

அன்றைக்கே ஊரிலிருந்து போன் வந்ததாம் – யார் இந்த அமினாத்தா என்று கேட்டு. திரேசம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாராம்:

"என்ரை பேரன்ரை தாய்."