கையெழுத்துள்ள பனிப்பூக்கள்

லிப்டுக்கு எதிர்வீட்டில் இருந்த அந்த அன்ரியின் கழுத்தில், கறுப்பு நாடாவில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் தொங்கும். தை மாதம் பிறந்த பிறகும் அவர் கதவில், கிறிஸ்மஸுக்கு மாட்டிய நத்தார் இலைவளையம் இருந்தது. நான் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். சம்பளமில்லாததால் அதிகாரத்தையாவது அனுபவித்தேன். 'பண்டிகை முடிந்தது, அலங்காரத்தை அகற்றவும்' என்று எழுதி, தாளின் நடுவில் பெரிய கையெழுத்தும் போட்டு, தினம் ஒரு நோட்டீஸை அவர் கதவில் ஒட்டினேன். ஆறாம் நாள் வளையம் போய்விட்டது. வென்றுவிட்டதாக மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் லிப்டின் முன்னால், கூரையிலிருந்து ஆறு காகிதப் பனிப்பூக்கள் நூலில் ஆடின. எல்லாம் என் நோட்டீஸ்கள். மடித்து வெட்டியதில் வாசகமெல்லாம் சல்லடையாகியிருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் என் கையெழுத்து மட்டும் முழுதாக இருந்தது.

"இதென்ன அன்ரி?"

"நத்தார் முடிஞ்சுதெண்டு நீர்தானே எழுதினீர், தம்பி. வெளியில பனி முடியேல்லையே. உது பனிக்கால அலங்காரம், ஒரு சதமும் செலவில்லை. கடதாசிதான் காணாது. இன்னும் ரெண்டு எழுதித் தாரும்."

பங்குனி வரை அவை ஆடின. செயலாளரே கையெழுத்திட்டுச் செய்ததாக நினைத்து அயலவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நானும் நன்றி சொல்லிக்கொண்டேன்.

கையெழுத்தை அன்ரி எப்படித் தப்பவைத்தார் என்பது இன்னும் விளங்கவில்லை. வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு நானும் வெட்டிப் பார்த்தேன். முதல் வெட்டிலேயே என் பெயர் போய்விட்டது.