பிசிறு வெட்டிய இறால்

மெஷின் எண்ணெயும் உருகிய மெழுகுவத்தியும் கலந்த வாசனை எங்கேனும் மூக்கில் ஏறினால், திருப்பூர் மண்ணரையில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீடும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தையல் மெஷின் முன்னால் குனிந்து இறால் கட்டிக்கொண்டிருந்த அப்பாவும் எனக்கு நினைவுக்கு வந்துவிடுவார்கள். இறாலைப் பிடிப்பார்கள், உரிப்பார்கள், வறுப்பார்கள். கட்டுவார்களா என்று கேட்காதீர்கள். என் அப்பா கட்டினார்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் டெய்லரானவர். இரண்டாயிரங்களின் நடுவில், ஸ்காட்லாந்திலிருந்து கம்பெனியைப் பார்க்க வந்த, பனியன் வாங்கும் "பையர்" ஒருவரின் தொப்பியில், கொக்கி மேல் நூலும் முடியும் இறகுமாகச் சுற்றிய சிவப்புப் பூச்சி ஒன்று குத்தியிருந்தது. அப்பா தையலை நிறுத்திவிட்டு வாய் பிளந்து அதையே பார்க்க, திட்டப்போகிறார் என்று எல்லோரும் பயந்த அந்த வெள்ளைக்காரர், சிரித்தபடி அதைக் கழற்றி அப்பாவிடமே கொடுத்துவிட்டார். இறால் வேஷம் போட்ட தூண்டிலாம் அது. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் சால்மன் என்ற பெரிய மீனுக்கானதாம். ஆற்றுக்குள் வந்த பிறகு அந்த மீன் எதையும் தின்னாதாம். ஆனாலும் இந்த இறால் கண்ணெதிரே காலை ஆட்டிக்கொண்டு போனால் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்துவிடுமாம். அப்பா இதைச் சொன்னபோது அம்மா, "எங்கண்ணனாட்டவே இருக்குதுங்க அந்த மீனு" என்றாள்.

மாமாவுக்கு அவிநாசிபாளையம் பக்கம் தோட்டம். அதிலேயே ஷெட் போட்டு, பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டிக்கொடுக்கும் "செக்கிங்" நடத்திவந்தார். சாதியும் சாமியும் வேறான ஒரு டெய்லரைத் தங்கை கட்டிக்கொண்டதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. நான் பிறந்த பிறகு வரப்போக இருந்தாலும், எங்கள் வீட்டில் "கை நனைக்க" மாட்டார். ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குக் கொங்கு நாட்டில் அப்படிப் பெயர். நனைத்துவிட்டால் உறவை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். தேங்காயும் முருங்கைக்காயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தண்ணியெல்லாம் வேண்டாம் அம்மிணி, இப்பத்தான் குடிச்சேன்" என்று நின்றபடியே போய்விடுவார். அவருக்காக ஆக்கிய சோற்றைக் கிளறியபடி அம்மா அழுவாள்.

அப்பாவோ மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தடியில் கொக்கியைக் கவ்வவைத்து, பையர் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்துப் புதிது கட்டினார். உடம்புக்குக் கம்பெனியில் கழித்த ஆரஞ்சு நூல், அது அவிழாமலிருக்க மெழுகு, மீசைக்கு என் பின்னலிலிருந்து பிடுங்கிய முடி, கால்களுக்குக் கறிக்கடைச் சேவலின் கழுத்திறகு. இறகை வட்டமாகச் சுற்றினால் அது நாலாபக்கமும் சிலிர்த்து நிற்கும். "உசுரு இந்தக் காலுலதான் இருக்கு பாப்பா" என்பார்.

அந்த வருஷம் நல்ல மழை. தோட்டத்துக் குட்டை நிறைந்து விரால் துள்ளுவதாக மாமா வாய்தவறிச் சொல்லிவிட, அடுத்த ஞாயிறே அப்பா என்னை டிவிஎஸ் வண்டியில் முன்னால் நிற்கவைத்துக் கிளம்பிவிட்டார். கரையில் அவர் தூண்டில் நரம்பின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தபோது, மாமா இறாலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்து, காலையும் மீசையையும் சுத்தமாக ஒட்ட வெட்டி அப்பாவிடம் நீட்டினார்.

"ஏனுங்க, வேலை நல்லாத்தான் இருக்குதுங்க. பிசிறுதான் நெறைய இருந்துச்சு, எடுத்துட்டனுங்க."

மாமா அப்பாவைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குக் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

"மச்சான், அது பிசிறு இல்ல, காலு. காலையும் மீசையையும் வெட்டிட்டியளே, எறா எப்படி நீந்தும்?"

மாமா இறாலைப் பார்த்தார், டிரிம்மரைப் பார்த்தார். அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தம் சேவலையே தோட்டமெல்லாம் துரத்திப் பிடித்து இறகோடு வந்தார். அவர் குறடால் கொக்கியைப் பிடிக்க, அப்பா சுற்ற, இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. "நல்லா பிசிறு உட்டுக் கட்டுங்க" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

தூண்டிலையும் அவரே வாங்கி இழுத்தார். திடீரென்று கம்பு வளைந்தது. "மாப்ளே! புடிங்க மாப்ளே!" என்று அவர் போட்ட சத்தம் ரோடு வரை கேட்டிருக்கும்.

அன்று எங்கள் வீட்டில் விரால் குழம்பு. மாமா வழக்கம்போல வாசலோரம் நின்றார். கூப்பிட்டு மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை. "நாம் புடிச்ச மீனு, எப்படி இருக்குதுன்னு பாக்கோணுமல்லோ" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மாமா வாளித் தண்ணீரில் கையை விட்டார். அம்மா தட்டைத் தேடினாள். தட்டு அவள் கையிலேயே இருந்தது.

அந்தக் குட்டையை மூடி இப்போது ஒரு கம்பெனியின் குடோன் நிற்கிறது. கறிக்கடைக்காரர் இறகு தருவதில்லை, கோழிகளே உரித்துத்தான் வருகின்றன. அம்மாவும் போய்விட்டாள். அப்பாவுக்குத் தையல் வந்த அளவுக்குச் சமையல் வரவில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் மாமா வந்து, தங்கை இல்லாத அந்த வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடிப்பிடித்த குழம்பைப் பிசைந்தபடி, "இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க மாப்ளே" என்கிறார்.