இரண்டாவது அழைப்பு

நோயாளியின் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள். குரல்தான் எழும்பாது. நர்ஸ் பயிற்சிக் காலத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பக்கத்திலேயே டீச்சர் நின்றார். இவள் முணுமுணுத்ததை அவர் டாக்டரிடம் உரக்கச் சொல்லிவிடுவார்.

வேலையில் சேர்ந்தபின் பக்கத்தில் யாரும் இல்லை. அறுவைசிகிச்சை வார்டுக்கு இவளும் இன்னொரு நர்ஸும்தான். அந்த நர்ஸ் சாப்பிடப் போனால் இவள் ஒருத்திதான்.

அப்படி ஒரு மத்தியானம், ஜன்னலோரக் கட்டிலிலிருந்து தையல்காரர் கூப்பிட்டார். ஆபரேஷன் முடிந்து, மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். காலையில்தான் இவளுடைய சீருடையைப் பார்த்து, "யாரும்மா தச்சது? உங்க மேல ஏதாவது கோவமா?" என்று சிரிக்க வைத்திருந்தார்.

"சிஸ்டர், ஒரு மாதிரியா இருக்கும்மா. என்னன்னு சொல்லத் தெரியல."

நாடி தறிகெட்டு ஓடியது. நெற்றி சில்லிட்டிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தாள்.

"புதுசா சேர்ந்த பொண்ணா? எதுக்கெடுத்தாலும் பதறக்கூடாது. பார்த்துக்கிட்டே இரு, வரேன்."

வரவில்லை. மறுபடி கூப்பிடப் போனை எடுத்தவள், என்ன நினைப்பாரோ என்று கூசி வைத்துவிட்டாள். ஆக்சிஜன் வைத்தாள். அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். டாக்டர் வந்தபோது தையல்காரரின் உயிர் போயிருந்தது. நுரையீரலில் ரத்தக்கட்டி என்றார்கள்.

"நீ சொன்னதுல அவசரமே தெரியலையே" என்றார் டாக்டர்.

தையல்காரரின் மனைவி இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசி வரைக்கும் கூடவே இருந்தியாமே கண்ணு. நீ நல்லா இருக்கணும்."

அதற்கப்புறம் அவள் எல்லாவற்றுக்கும் கூப்பிட்டாள். யாராவது இருமினால் கூப்பிட்டாள். அயர்ந்து தூங்கினாலும் எழுப்பிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். எந்நேரமும் ஊதிக்கொண்டே இருக்கிறாள் என்று வார்டில் 'சங்கு' எனப் பட்டப்பெயர் வைத்தார்கள். டாக்டர்கள் அவள் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதை நிறுத்தினார்கள். ஒரு பெரியவருக்கு உண்மையாகவே மூச்சு முட்டிய அன்று, அவள் கூப்பிடக் கூப்பிட டாக்டரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு நர்ஸ் தன் போனில் கூப்பிட்டதும் டாக்டர் ஓடி வந்தார். பெரியவர் பிழைத்தார்.

மறுநாளே அவள், கத்தி, இடுக்கி என்று ஆபரேஷன் கருவிகளைக் கழுவி ஆவியில் வைத்து எடுக்கும் அறைக்கு மாற்றல் கேட்டாள். உடனே கொடுத்துவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

"பாத்திரம் கழுவவா அவ்வளவு படிச்சே? திரும்ப வார்டு கேளேன்டி" என்றாள் அம்மா.

"இடுக்கிக்கெல்லாம் மூச்சு வாங்காதும்மா" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அம்மா சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை.