துளசித் தொட்டியில் பொடி ஈக்கள்

கப்பலில் ரங்கூனுக்குப் போன என் கணவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மலாய்க்காரர் ஊரான காஜா பேராங்கில், வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். அடைமழைக்குப் பயந்து சாமி மாடத்தருகே எடுத்து வைத்திருந்த துளசி வாடத் தொடங்கியது. துளசி வாடினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமியார் கண்ணில் படாமல் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் மேலும் மஞ்சளாயின. மண்ணிலிருந்து பொடிக் கறுப்பு ஈக்கள் கிளம்பி விளக்கைச் சுற்றின. இன்னும் ஊற்றினேன்.

பலகாரம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண்ணுக்குத் தமிழ் வராது; தலைமுறைகளாக அவர்கள் வீட்டில் மலாய்ப் பேச்சுதான். தொட்டியைக் கண்டதும் மண்ணை விரலால் கிளறினாள். வெள்ளை நூல் போலப் புழுக்கள் நெளிந்தன.

"ஆயேர் பாஞாக்!" என்றாள். தண்ணீர் அதிகமாம். ஈரத்தில் ஈ முட்டையிடுகிறதாம், அந்தப் புழுதான் வேரைத் தின்கிறதாம்.

"தினம் ஒரு வேளைதானே ஊத்தினேன்?" என்றேன்.

மாமியார் தலை குனிந்தார். "நானும் ஊத்தினேம்மா. நீ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே."

ஒளித்த பயத்தை இருவரும் அந்தச் செடியின் தலையில்தான் கொட்டியிருக்கிறோம்.

மேல்மண்ணை வழித்தெறிந்து காய்ந்த மணலைப் பரப்பினோம். மண் உலரும்வரை தண்ணீர் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள் அவள். ஈக்கள் குறைந்தன; என் கைதான் அடங்கவில்லை. ஒரு சாயங்காலம் செம்பை எடுக்கப் போனேன். மாமியார் கையும் அதன்மேல் இருந்தது.

"பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான் அத்தே."

அந்தச் செம்புத் தண்ணீரை ஆளுக்குப் பாதியாக நாங்களே குடித்தோம்.