வேதக்காரர் வளர்த்த யாகம்

சவரிநாதன் அண்ணன் என் நாத்தனார் பேட்ரிசியாவைக் கட்டியவர். பேட்ரிசியா என் வீட்டுக்காரருக்கு நேர் இளையவள். மூத்தவள் ஒருத்தி மணப்பாறையில் வாழ்க்கைப்பட்டாள், அவள் கதை வேறு. அண்ணன் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர், வாடகை மலிவு என்று ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்தார். அந்தத் தெருவிலேயே வேதக்காரர் வீடு அது ஒன்றுதான். கிறிஸ்தவர்களை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். மாதா கோயிலுக்கு வேதக்கோயில் என்று பெயர். அத்தனை கூத்துக்கும் அந்த ஒரு சொல்தான் காரணம்.

அண்ணனுக்கு டெலஸ்கோப் பித்து. அதற்குச் சின்னத் தட்டு அகலத்தில், இரண்டு விரற்கடை கனத்தில் ஒரு கண்ணாடி வட்டு வேண்டுமாம். அதைத் தேய்த்துக் குழிவாக்கி ரசம் பூசினால் நட்சத்திரம் கிட்டத்தில் வருமாம். அவ்வளவு கனமான கண்ணாடி கடையில் கிடைக்காது. சரி, நாமே உருக்கி வார்த்துக்கொள்வோம் என்று கிளம்பிவிட்டார். மருமகன் கண்ணாடி செய்கிறார் என்று கேள்விப்பட்ட என் மாமியார், காது ஒடிந்த தன் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார். மாமியாரின் தங்கை முகம் பார்க்க ஒன்று கேட்டார்.

கொல்லையில் செங்கல்லும் களிமண்ணுமாக இடுப்பு உயரத்துக்கு ஒரு சூளை எழும்பியது. உள்ளே வட்டமான ஒரு மண் அச்சு. கண்ணாடி ஒட்டாமல் இருக்க அதில் சுண்ணாம்பு பூசி, உடைந்த ஷோகேஸ் கண்ணாடித் துண்டுகளைத் தோசை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். கரி போட்டுத் துருத்தி ஊதினால் துண்டெல்லாம் இளகி, பாகு போல ஒன்றாகப் படிந்துவிடும். அதுவரைக்கும் சரி. பிறகு எல்லாத் துவாரத்தையும் மண்ணால் அடைத்து, அது தானாக ஆறும்வரை தொடக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் மேல்புறம் ஆறும், உள்புறம் கொதிக்கும், வட்டு வெடித்துவிடும். அண்ணனுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் கை சும்மா இருந்தால்தானே. முதல் தடவை மறுநாளே திறந்தார், இரண்டு பாதியானது. அடுத்த தடவை சும்மா ஒரு விரல் சந்து விட்டுத்தான் எட்டிப் பார்த்தேன் என்றார், சுக்குநூறானது.

ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று பேட்ரிசியா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவதுதான் கடைசி, அதுவும் உடைந்தால் சூளையை இடித்துவிட வேண்டும், இனிமேல் தொடமாட்டேன் என்று வேளாங்கண்ணி மாதா பேரில் சத்தியம் செய்ய வேண்டும் என்றாள். அண்ணன் முகம் வெளுக்க ஒப்புக்கொண்டார்.

அது அறுபத்திரண்டாம் வருஷம், தை மாதம். எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடப்போகிறது, உலகம் அழியப்போகிறது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு யாகம். அந்தச் சமயம் பார்த்து அண்ணன் மூன்றாவது தடவையாகச் சூளையை மூட்டினார். பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணு மதில்மேல் எட்டிப் பார்த்தாள். வெற்றுடம்பு, தலையில் ஈரத்துண்டு, சிவந்த கண், எதிரே திகுதிகுவென்று நெருப்பு. என்ன இதெல்லாம் என்று பேட்ரிசியாவைக் கேட்டாள். எரிச்சலில் இருந்த பேட்ரிசியா, "எல்லாம் கிரகம் பாக்கத்தான் இந்தப் பாடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். வள்ளிக்கண்ணுவின் பெரியப்பா மகன் வீரமலைக்கு ஊர் உப்பிலியபுரம். செய்தி அங்கே போய்ச் சேரும்போது, ஸ்ரீரங்கத்தில் ஒரு வேதக்காரர் எட்டுக் கிரகத்துக்கும் யாகம் வளர்க்கிறார் என்று ஆகிவிட்டது. ஸ்ரீரங்கம், வேதம், யாகம் என்றால் யாருக்குச் சந்தேகம் வரும்? வீரமலை நெய்ச்சட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் பின்னால் தெருவே வந்தது. முதல்நாள்தான் சூளையை மண் பூசி அடைத்திருந்தார்கள்.

உள்ளே இருப்பது கண்ணாடி என்று அண்ணன் எவ்வளவோ சொன்னார். சாமி மறைக்கிறார் என்றார்கள்.

"ஒரே ஒரு கரண்டி நெய்யி சாமி. உள்ள விட்டுட்டுப் போயிடறேன்" என்று வீரமலை மண் பூச்சில் கை வைத்தார்.

அண்ணன் பாய்ந்து வந்தார். சூளையை மறைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அங்கே வந்திருந்த நான் பேட்ரிசியாவைப் பார்த்தேன். அவள் சும்மா இருந்தாலே போதும், அவள் பாடு அன்றோடு தீர்ந்துவிடும். அவளோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நெய்யெல்லாம் விட்டாச்சுங்க. எட்டுக் கிரகத்தையும் உள்ள போட்டு மண்ணு பூசியிருக்கு. இப்பத் தொறந்தா வெளிய வந்துடும். பரவால்லைன்னா தொறங்க."

வீரமலை சுட்ட கல்லைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். பின்னால் நின்றவர்கள் வாசலைத் தேடினார்கள்.

அதோடு விட்டதா? மறுநாள் அண்ணனுக்குக் கை அரித்தது. கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு சூளைப் பக்கம் போனார். மதில்மேல் வள்ளிக்கண்ணு.

"சார், என்ன பண்றீங்க? உலகம் அழிஞ்சா உங்க பேர்லதான் பழி வரும்."

வீரமலை ஊருக்கே போகவில்லை. தங்கச்சி வீட்டில் சாப்பாடு, சூளை ஓரத்தில் படுக்கை. அண்ணன் பாலைச் சுற்றும் பூனை மாதிரி தன் சூளையைத் தானே சுற்றி வந்தார். பயந்த நாள் வந்தது, போனது, ஒன்றும் ஆகவில்லை. அப்போதும் வீரமலை விடவில்லை. சந்திரன் அடுத்த ராசிக்குப் போய், அதற்கடுத்த ராசிக்கும் போன பிறகுதான் உத்தரவு கொடுத்தார்.

திறந்தபோது சூளை கிணற்றடிக் கல் போலச் சில்லென்று இருந்தது. வட்டு முழுசாக வந்தது. பாசிக்குளத்து நிறம், உள்ளே ஒன்றிரண்டு குமிழி, ஒரு கீறல் இல்லை. பேட்ரிசியா நகத்தால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது.

"உங்க பொறுமைன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க" என்றாள்.

அதைத் தேய்த்து, ரசம் பூசி, தகரக் குழாயில் மாட்ட ஐப்பசி ஆகிவிட்டது. முதல் மரியாதை வீரமலைக்கு. அண்ணன் அவருக்கென்றே ஊருக்குச் சொல்லியனுப்பி வரவழைத்தார். விளக்கு வைத்த கையோடு குழாயைத் திருப்பி, வளையத்தோடு தெரிகிறதே அதுதான் சனி என்றார். வீரமலை பார்க்காமலே நகர்ந்துவிட்டார். சனி நம்மைப் பார்க்கக் கூடாது என்றுதான் எள் விளக்கு ஏற்றுகிறோம், நாமே போய் அதைப் பார்ப்பதா என்றார்.

அண்ணன் குழாயை வியாழன் பக்கம் திருப்பினார். குரு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், வள்ளிக்கண்ணு அண்ணனை ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தாள். குரு பார்க்கக் கோடி நன்மை அல்லவா? வெகுநேரம் நகரவே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் பாக்கறது இருக்கட்டும் சார். அது என்னைப் பாக்குதா?"

கண்ணாடியை உருக்கத் தெரிந்த மனிதர் குழாயின் திருகைச் சரிபார்க்கக் குனிந்துவிட்டார். வரிசையில் பின்னால் நின்ற பேட்ரிசியாதான் சொன்னாள்.

"பாக்குது, பாக்குது. கொஞ்சம் தள்ளுங்க, என்னையும் பாக்கட்டும்."