அத்தைக்குப் போடாதீர்கள்

அத்தை தேர்தலில் நின்றது பதினொரு நாள். முதல் ஐந்து நாள் தனக்கு ஓட்டுப் போடச் சொல்லிக் கேட்டார். மீதி ஆறு நாள், தயவுசெய்து போடாதீர்கள் என்று கேட்டார். இரண்டாவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

அவர் அப்பாவின் அக்கா. எங்கள் ஊரான பாலோவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே டீச்சர். மழைக்காலத்தில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் ஆற்றுத் தண்ணீர் ஏறிவிடும். கால்வாயை அகலப்படுத்தக் கேட்டு மனு எழுதி எழுதி அலுத்துப்போய், சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றுவிட்டார். சின்னம் சாவி. எனக்கு அப்போது ஒன்பது வயது. அட்டையில் சாவி வெட்டி, நூல் கோத்து, வகுப்பு முழுவதற்கும் மாட்டிவிட்டிருந்தேன். வேட்பாளரின் மருமகள் என்றால் சும்மாவா? கேன்டீன் வரிசையில் நான்தான் முதல் ஆள்.

ஆறாம் நாள் காலை பக்கத்து டவுன் குளுவாங்கிலிருந்து ஒரு வக்கீல் வீட்டுக்கு வந்தார். அவரும் வேட்பாளர், அவர் பேசியதும் கால்வாயைப் பற்றித்தான். ஒரே ஓட்டை இருவரும் பிரித்துக்கொண்டால் நடுவில் வேறு ஒருவர் ஜெயித்துப் போய்விடுவார் என்றார். அவருக்குக் கட்சி இருந்தது. அத்தைக்கு நான் இருந்தேன். அத்தை அதிகம் யோசிக்கவில்லை.

"நான் விலகிக்கிறேன் தம்பி. என் ஆளுங்க ஓட்டு உங்களுக்கு வரும். அது என் பொறுப்பு."

ஆனால் பெயரை எடுக்கும் கெடு தாண்டிவிட்டது. ஓட்டுச்சீட்டில் அத்தையின் பெயரும் சாவியும் இருந்தே தீரும். அதனால் வெயிலில் வீடு வீடாக ஏறி, வக்கீலுக்குப் போடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விருந்தாளி சாப்பாடு வேண்டாம் என்றால் உடனே தட்டைப் போட்டுப் பரிமாறுவார்கள். முதல் தடவை மறுப்பதை யாரும் மறுப்பாகவே மதிப்பதில்லை. டீச்சர் தனக்கு ஓட்டு வேண்டாம் என்றதும், எவ்வளவு அடக்கமான மனுஷி என்று மெச்சிவிட்டுத் தேத்தண்ணி கலக்கப் போனார்கள்.

எனக்கோ வயிற்றெரிச்சல். வகுப்பில் சாவியைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட ஆரம்பித்திருந்தார்கள். அத்தை அடுத்த வீட்டு கேட்டைத் திறக்கும் இடைவெளியில் நான் பின்தங்கி நின்று, "அத்தை சும்மா சொல்றாங்க. நீங்க போட்டா சந்தோஷப்படுவாங்க" என்று சொல்லிவிட்டு ஓடுவேன். ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை.

வக்கீல் கொஞ்சத்தில் தோற்றார். அந்தக் கொஞ்சத்தைவிட அத்தைக்கு விழுந்த ஓட்டு அதிகம்.

மறுநாள் காலை வக்கீல் வந்தார். கூட வந்த கட்சிக்காரர்கள் இருவர் வாசலில் நின்றார்கள். அவர் சத்தம் போடவில்லை. ஏன் இப்படி ஆனது என்று மட்டும் கேட்டார். தனக்கும் புரியவில்லை என்றார் அத்தை. சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா ஒரு தட்டுக் கேசரியோடு உள்ளே வந்தார்.

"தோத்தா என்ன டீச்சர், நாங்க உங்கள விட்டுக் கொடுக்கல லா. நீங்க வாய்க்குத்தான் வேணாம்னு சொல்றீங்கன்னு உங்க மருமக அப்பவே சொல்லிருச்சு."

வாசலில் நின்றவர்களில் ஒருவர், இந்தப் பிள்ளையால்தான் தோற்றோமா என்று என்னைப் பார்த்தபடி உள்ளே வந்தார். அத்தை என்னைப் பார்த்தார். வகுப்பில் பொய் சொன்னவர்களை அப்படித்தான் பார்ப்பார். பிறகு வக்கீலிடம் திரும்பினார்.

"அவளுக்கு என்ன தெரியும். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

வக்கீல் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார். அத்தை என்னை அடிக்கவில்லை, கேட்கவும் இல்லை. தப்பித்தோம் என்று நான் கேசரியை எடுத்துத் தின்றேன்.

டீச்சர் ஒரு கையால் வாக்குக் கொடுத்து மறுகையால் ஓட்டு வாங்கினார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சாவிக்குப் போட்டவர்களும் சேர்ந்துதான் பேசினார்கள். ஆண்டு முடிவதற்குள் தண்ணீர் ஏறியது. எல்லாரையும் பள்ளி மண்டபத்தில் தங்க வைத்தார்கள். மத்தியானம் சோறும் சார்டின் மீனும் கொடுத்தார்கள். மண்டபத்தில் நடக்க இடமில்லை, ஆனால் அத்தையின் பாயைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் இருந்தது. எதிர்வீட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏன் யாரும் உங்களோடு பேசுவதில்லை என்று நான் கேட்டேன்.

"பேசுவாங்க. நீ சாப்பிடு."

சாப்பிட்டேன். எதிர்வீட்டு அக்கா என்னை மட்டும் கூப்பிட்டுத் தலைவாரி விட்டார், பாவம் பிள்ளை என்று கன்னத்தைத் தடவினார். அத்தையிடம் எல்லாருக்கும் கோபம், என்னிடம் ஒருவருக்கும் இல்லை. நான் நல்ல பிள்ளை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.